பேட்ச் என்று கூப்பிட்டார்கள்

இங்கிலாந்தில் இறங்கியதும் என்னிடம் முதலில் கேட்டது ராகி மாவைப் பற்றித்தான். விமான நிலையத்தில் என் பையைத் திறந்த பெண் அந்தப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார். கம்பைநல்லூர் மாவு மில்லில் பல வருடமாக வேலை செய்கிறவன் நான். மாவைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் தமிழில் கேட்க வேண்டும். ராகிக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியவில்லை. கிண்டுவது போலவும் உருட்டுவது போலவும் கையால் செய்து காட்டினேன். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பதால் தொண்டையைத் தடவியும் காட்டினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பையை மூடிக் கொடுத்துவிட்டார்.

மாவு என் அக்கா கொடுத்துவிட்டது. அக்கா மகன் தென்னரசு அந்த நாட்டுப் பட்டாளத்தில் சமையல்காரனாக இருந்தான். சேலத்தில் கேட்டரிங் படித்துவிட்டு அங்கே ஓட்டல் வேலைக்குப் போனவன், நம் நாட்டுப் பையன்களையும் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்து சேர்ந்துவிட்டான். சேர்ந்த புதிதில் எனக்குப் போன் செய்து, "மாமா, இங்க மலை மாதிரி உருளைக்கிழங்க குமிச்சு வெச்சு உரிக்கச் சொல்றாங்க. அம்மா கேட்டா துப்பாக்கி சுடறேன்னு சொல்லிடாத, பயப்படும். அப்பா கேட்டா உருளைக்கிழங்குன்னு சொல்லிடாத, சிரிக்கும்" என்றான்.

ஒரு குளிர்காலத்தில் பயிற்சிக்குப் போன லாரி மலைப்பாதையில் பனியில் சறுக்கிக் கவிழ்ந்தது. தென்னரசு அதிலேயே இறந்துபோனான். உடம்பை ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் கொல்லையிலேயே மாமரத்தின் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அதற்கு அடுத்த வருடம்தான், அவன் இருந்த முகாமில் அவனுக்கு ஒரு கல் நட்டிருக்கிறோம், வீட்டிலிருந்து யாராவது வந்து திறந்துவைக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள்.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "என் கையால மண்ணு போட்டுட்டேன். கல்லு வேற பாக்கணுமா? நீ போ மாப்ள, தாய்மாமன் நீதான்." அவரைத் தனியாக விட்டுவிட்டு அக்கா எங்கும் போகமாட்டாள். நாலு பேர் சேர்ந்து நின்றால் ஓரமாகப் போய் நிற்கிறவன் நான். ஆனாலும் போக வேண்டியதாயிற்று.

மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் வரும்வரை அக்கா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "கல்லுல எம்புள்ள பேரு இருக்கும்ல, அதத் தொட்டுக் கும்புட்டுட்டு போட்டோ புடிச்சிட்டு வா. பேரு நல்லாத் தெரியணும் தம்பி. பெருசு பண்ணி வூட்டுல மாட்டணும்."

"இவன் போட்டோ புடிச்சா தலை இருந்தா காலு இருக்காது" என்றார் மாமா.

"கல்லுக்கு ஏது தலையும் காலும்? சும்மா இருங்க தென்னரசு அப்பா" என்றாள் அக்கா. புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. மகன் பிறந்த நாளிலிருந்து அவர் அவளுக்குத் தென்னரசு அப்பாதான். மகன் போன பிறகும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அந்த முகாம் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருந்தது. விமான நிலையத்திலிருந்து என்னை ரயிலேற்றிவிட்டார்கள். ரயிலில் யாரும் யாரிடமும் பேசவில்லை. எங்கள் பக்கத்து ரயிலில் ஒருவர் சுண்டல் வாங்கினால் எதிரில் இருப்பவருக்கும் நீட்டுவார். இங்கே என் எதிரில் இருந்த அம்மா ஆப்பிளைக் கடிக்கும்போதுகூடச் சத்தம் வராமல் கடித்தார்.

சேலத்திலிருந்து வரும்போது பொம்மிடி தாண்டியதுமே எழுந்து கதவருகே நிற்பது எங்கள் பழக்கம். அடுத்து வரும் மொரப்பூரில் வண்டி ஒரு நிமிஷம்தான் நிற்கும். அதே பழக்கத்தில் இங்கேயும் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே எழுந்து பையோடு கதவருகே நின்றேன். வண்டி நின்றதும் உள்ளேயிருந்து ஆட்கள் இறங்க வந்தார்கள். வழிவிடலாம் என்று நானும் கீழே இறங்கி ஓரமாக நின்றேன். எல்லோரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கதவு தானாகவே மூடிக்கொண்டது. ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்தபோது என்னை அழைத்துப்போக வந்தவர் பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். சிவம் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், அந்த ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வதற்காக முகாமில் அவரை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"அண்ணை, எங்க போனியள்? ரயில் வந்திட்டுது, உங்களக் காணேல்ல."

"வழி விட்டேங்க" என்றேன்.

அவர் என் பையை வாங்கிக்கொண்டார். தென்னரசு அவர் கடையில்தான் புளியும் கருவேப்பிலையும் வாங்குவானாம். "தம்பி தம்பி எண்டுதான் கூப்பிடுறனான். பேர் கேக்கவே தோணேல்ல. அப்பிடிச் சிரிச்சுக்கொண்டு வருவான்" என்றார். அன்று இரவு அவர் வீட்டில் சோறும் பருப்பும் கிடைத்தது. அந்த நாட்டில் நான் வயிறாரச் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான்.

மறுநாள் முகாமின் சமையலறைக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தைவிடப் பெரிய அறை. தரையில் ஒரு பருக்கை கிடையாது. டாம் என்று ஒருவர் கொஞ்சம் நொண்டிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. தென்னரசோடு அதே லாரியில் இருந்தவர், கால் முறிந்து பிழைத்தவர். அதனால்தான் அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று சிவம் சொன்னார்.

நான் ராகி மாவை எடுத்துக் கொடுத்தேன். டாம் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். தென்னரசு அவருக்கு ஏற்கெனவே களி கிண்டிப் போட்டிருக்கிறான் போலிருக்கிறது. நானே அடுப்பைப் பற்றவைத்துக் கிண்டினேன். துடுப்பு இல்லாததால் சப்பாத்திக் கட்டை போன்ற ஒன்றைக் கொடுத்தார்கள். பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். உருண்டை பிடித்து, சிவம் வீட்டிலிருந்து கொண்டுவந்த குழம்பில் தொட்டு, எப்படி விழுங்குவது என்று காட்டினேன். ஒரு பையன் விழுங்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னான்.

"செங்கல் இறங்கின மாதிரி இருக்காம்" என்றார் சிவம்.

"ராத்திரி சோறு வேணுமான்னு அப்புறமா கேளுங்க" என்றேன். அதைச் சிவம் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னதற்கு ஒரு கூட்டமே சிரித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அவர்கள் பேச்சில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. பேட்ச் இதைச் செய்தான், பேட்ச் அதைச் சொன்னான். எல்லாக் குழம்பிலும் புளி ஊற்றுவானாம் பேட்ச். பனியில் வெளியே நின்றுகொண்டு அம்மாவுக்கு வீடியோவில் பனியைக் காட்டுவானாம் பேட்ச். எவனாவது சாப்பிடாமல் படுத்தால் தட்டோடு போய் எழுப்புவானாம் பேட்ச்.

"பேட்ச்சுங்கறது யாருங்க?" என்று சிவத்தைக் கேட்டேன்.

"உங்கட மருமகன்தான் அண்ணை."

"அப்படின்னா என்னங்க அர்த்தம்?"

சிவம் தயங்கினார். "கிழிஞ்ச உடுப்பில போடுற ஒட்டு."

எனக்கு முகம் வாடிவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளையை ஒட்டுத்துணி என்றா கூப்பிட்டார்கள்? டாம் அதைக் கவனித்துவிட்டார். சிவத்திடம் அவசர அவசரமாகப் பேசினார். முழுப் பெயர் வாயில் நுழையாததால் அதன் முன்பாதியை மட்டும் செல்லமாகக் கூப்பிட்டார்களாம். முழுப் பெயர் என்ன என்று கேட்டேன். டாம் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, நன்றாகப் பழகியவர் போலச் சொன்னார்: "பச்சையப்பன்."

அது எங்கள் மாமா பெயர்.

சிவம்தான் விளக்கினார். நாம் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிறோம். பாஸ்போர்ட்டில் அதை விரித்துக் குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் எழுதுகிறோம். பட்டாளத்தில் ஆளைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். சட்டையிலும் அதைத்தான் தைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பாவை மகன் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். முகாமில் மகனை அப்பா பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"கல்லுல என்ன எழுதியிருக்குதுங்க?" என்று கேட்டேன்.

டாம் போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். இங்கிலீஷ் பெரிய எழுத்தைக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும், மில்லில் மூட்டைகள் மேல் எழுதிப் பழக்கம். தென்னரசுக்கு ஒரே ஒரு டி, ஒரு புள்ளி, அதன் பிறகு எங்கள் மாமா பெயர் முழுசாக. நன்றாக இருக்கிறதா என்று டாம் கேட்டார். நான் தலையாட்டினேன். உயிரோடு இருக்கிற மனிதனின் பெயரைச் சாவுக் கல்லில் வெட்டியிருக்கிறீர்கள் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. அந்த ஊரில் அதுவே அதிசயம் என்றார்கள். புல்வெளியில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மூடியிருந்த துணியை நான் இழுத்தேன். மாலை போட்டேன். அக்கா சொன்னபடி பெயரைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். கை போகவில்லை. தொட்டால் மாமாவுக்கு ஆகாது என்று மனசு அடித்துக்கொண்டது.

முகாமின் பெரிய அதிகாரி, வீட்டார் சார்பில் ஏதாவது சொல்லச் சொன்னார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடத்தான் இருந்தேன். ஆனால் அக்கா முகம் நினைவுக்கு வந்தது.

"ஐயா, இவன் பேரு தென்னரசுங்க" என்றேன். சிவம் சொன்னார். "இது அவங்க அப்பா பேருங்க. அவரு நல்லா இருக்காரு. நான் வரும்போது ஸ்டேஷன் வரைக்கும் வந்து ரயிலேத்தி விட்டாருங்க."

டாம் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டார். என்னிடம் வந்து, "எங்களிடம் அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே" என்றார். பிறகு அவர் சொன்னதைச் சிவம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சேர்ந்த புதிதில் டாம் அவனிடம், பச்சையப்பன் என்றால் உங்கள் மொழியில் என்ன அர்த்தம் என்று கேட்டாராம். அவன் யோசித்து, "விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, யாரையும் வேலை ஏவாம, தானே எல்லாத்தையும் செஞ்சிட்டு, சாப்பிடும்போது மட்டும் ஊர்க்கதை பேசற ஆளு" என்று சொன்னானாம். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நீளமான அர்த்தமா என்று இவர்கள் ஆச்சரியப்பட்டார்களாம். காலையில் எழ முடியாமல் கிடக்கும் பையன்களை, "எந்திரி, பச்சையப்பனா இரு" என்று சொல்லித்தான் டாம் எழுப்புவாராம்.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கல்லின் பின்புறமாகப் போய் நின்றுகொண்டேன்.

பெரிய அதிகாரி வந்து, கல்லைத் திருத்துவோம், பெற்றவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி வெட்டுவோம், உங்கள் எழுத்திலேயே எழுதி அனுப்புங்கள் என்றார். அக்காவுக்காகக் கல்லைப் போட்டோ பிடித்துக்கொண்டேன். நான் கிளம்புவதற்கு முன் டாம் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிப் பழகினார். "டென்னரசு" என்றுதான் வந்தது. பையன்களும் ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். ஒருவன் "தேனரசு" என்றான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மொரப்பூரில் சரியாக இறங்கினேன். மாமா டிவிஎஸ்ஸோடு நின்றுகொண்டிருந்தார். கம்பைநல்லூர் ரோட்டில் பாதி தூரம்கூடப் போகவில்லை, பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

"நேத்துதானே போட்டேன்" என்றார்.

"நேத்து போட்டுட்டு எங்கெல்லாம் சுத்துனீங்களோ."

"உங்க அக்காவ கோயில் கோயிலாக் கூட்டிட்டுப் போனேன். நீ நல்லபடியா வந்து சேரணும்னு."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தோம். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. அவர் முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்கு அதைவிட நல்ல வசதி கிடைக்காது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அர்த்தம் கேட்ட கதை மட்டும் வாயில் வரவில்லை.

அவர் வண்டியை நிறுத்தினார்.

"எம்பேரா?"

"ஆமாங்க மாமா."

"முழுசாவா?"

"முழுசா."

"எழுத்து தப்பில்லாம வெட்டியிருக்காங்களா?"

"தப்பில்லாம."

மறுபடி தள்ளினார். கொஞ்ச தூரம் போய், "உங்க அக்காவுக்கு இங்கிலீசு தெரியாது. போட்டோவக் காட்டு, இதான் அவன் பேருன்னு சொல்லு. சொல்லித் தொலைச்சீன்னா அவ சோறு திங்கமாட்டா" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே போனைக் கேட்டாள். படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் புடவைத் தலைப்பால் போன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கல்லில் இருந்த எழுத்துகள் மேல் ஒரு விரலை வைத்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெதுவாகத் தடவினாள். பிறகு போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், அத எடு. அது எம்பேருடி" என்றார் மாமா.

அக்காவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அழவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து மாமாவைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்தாள். தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்பில் போட்டாள். "நெடியே வரல பாரு, எம்மாம் திருஷ்டி" என்று நடுங்கினாள்.

"மொளகா பழசு" என்றார் மாமா.

"வாய மூடுங்க. தம்பி, அவங்களுக்குப் போன் போடு. இவரு பேர மொதல்ல அழிக்கச் சொல்லு. ஒரு எழுத்து இருக்கக் கூடாது. எம்புள்ள பேரு மட்டும் போதும்."

"ஆமா, அழிக்கச் சொல்லிடு. செத்தவன் அவன்தானே" என்று மாமா எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு அர்த்தக் கதையைச் சொல்லத் தோன்றியது. டாம் கேட்டதையும், தென்னரசு யோசித்துச் சொன்னதையும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். காலையில் பையன்களை எழுப்புகிற பேச்சையும் சொன்னேன். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மாமா வாசற்படியில் அப்படியே நின்றார்.

"சாப்பிடும்போது ஊர்க்கதை பேசறன்னா சொன்னான்?" என்றார்.

"ஆமாங்க."

"எங்கிட்ட ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லையே."

"நீங்க பேசவிட்டாதானே" என்றாள் அக்கா. இப்போதுதான் அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவனா ஆசப்பட்டு வெச்சிட்டிருந்த பேரு. அழிக்க வேணாம். இவரு பேரும் இருக்கட்டும்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இனிஷியல் மாதிரி இவரு பேர முன்னாடி வெச்சிட்டா? எல்லாரும் அப்படித்தானே போடறாங்க?" என்று கேட்டாள்.

"முன்னாடி வேணாம்" என்றார் மாமா. "எம்பேரு அடியில இருக்கட்டும். அவன மேல போடு."

"ஏங்க மாமா?"

"சந்தைக்குத் தோள்மேல உக்கார வெச்சுத்தான் கூட்டிட்டுப் போவேன். எறங்குடான்னா எறங்கவே மாட்டான்."

ஒரு தாளை எடுத்தேன். மூட்டைக்கு எழுதுகிற மார்க்கரால், தமிழில், பெரிய எழுத்தாக, மேலே தென்னரசு என்று எழுதினேன். கீழே பச்சையப்பன் என்று எழுதினேன். படம் பிடித்து டாமுக்கு அனுப்புவதற்கு முன்னால் மாமாவிடம் கொடுத்தேன். அவர் தாளைத் தொடையில் வைத்து வெகு நேரம் பார்த்தார். இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு விரலை வைத்து அளந்தார்.

"நடுவுல எதுக்கு இவ்ளோ எடம்? இன்னும் கொஞ்சம் நெருக்கி எழுது மாப்ள."